வரிசை எண்ணை மட்டும் பார்த்துத் துப்பாக்கி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்ப்பு வேலை செய்தவன் நான். ஆஸ்திரேலியாவில் உரிமம் எடுத்திருக்கும் என் அக்கா மகன், ராணுவம் கழித்த லீ என்ஃபீல்டு நம்பர் 4 துப்பாக்கி ஒன்றை வாங்கப் போகிறான். அதன் பாகங்களில் உள்ள வரிசை எண்கள் ஒத்திருந்தால் விலை கூடுமா என்று கேட்டான்.

கூடும். அதைவிடப் பாதுகாப்பு முக்கியம். போல்ட் என்பது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம். அதன் கைப்பிடியின் பின்புறம் உள்ள எண்ணும் துப்பாக்கியின் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றென்றால், பெரும்பாலும் அந்தத் துப்பாக்கிக்கே பொருத்திய போல்ட். வேறு எண் இருந்தால், தோட்டா உட்காரும் இடைவெளியை அளவுகோல் வைத்துப் பார்க்காமல் சுடவே கூடாது. போல்ட் தலையில் 0 முதல் 3 வரை எண் இருப்பது இந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான்.

ஆனால் பழைய எண்ணை உரசி அழித்து, வேறு எண்ணைப் புதிதாகக் குத்தி விற்பவர்களும் உண்டு. எண்ணைச் சுற்றி இரும்பு பளபளத்தால் சந்தேகப்படுங்கள். எண் ஒத்தும் குழல் தேய்ந்திருந்தால், சுடுவதற்கு அது எதற்கு?

1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்தில் நம் தோட்டங்களைக் காத்தவர்கள் தூக்கியதும் இந்த லீ என்ஃபீல்டு வகைதான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தில் அப்படி ஏதாவது கிடைத்தால் தொடாதீர்கள், உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். இங்கே மலேசியாவில் உரிமமில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

முன்னாள் ராணுவ வீரர்,
சுங்கை சிப்புட், பேராக்