எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அப்பாவின் முதுகுவலிக்கு ஆறு மாதம் தைலம் தேய்த்தோம், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் முதுகெலும்பு மஜ்ஜையில் பட்டாணி அளவில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். எலும்பு மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியுமாம்! எம்.ஆர்.ஐ. மஜ்ஜையையே காட்டிவிடுகிறது. அறிகுறியே இல்லாதவருக்கும் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத புள்ளி ஒன்றுக்கு மேல் இருந்தால், நோய் சீக்கிரம் முற்றும் என்பதால் காத்திருக்காமல் சிகிச்சை தொடங்கலாம் என்று சர்வதேச மைலோமா பணிக்குழு 2014-லேயே சொல்லிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தவர்களுக்காவது முழு உடல் எம்.ஆர்.ஐ. அரசு மருத்துவமனைகளில் தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். தயவுசெய்து இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

ஒரு மகள், திருச்சி