தரங்கம்பாடிக் கடைகளில் கிடைக்காத பொருள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களில் தரங்கம்பாடிக்கு வரும் வாகனங்கள், 1792ஆம் ஆண்டில் கட்டப்பட்ட நுழைவாயிலைக் கடந்ததும் ராஜ வீதியில் எங்கும் நிற்காமல் டேனிஷ் கோட்டைக்கே நேராகப் போய்விடுகின்றன. வந்தவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, கடலில் கால் நனைத்து, எந்தக் கடற்கரையிலும் கிடைக்கக்கூடிய சிப்பி மாலையும் சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கடைக்காரர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால், இந்த ஊருக்கே உரிய ஒரு பொருள் அங்கே விற்பனைக்கு இல்லாதது, பல ஆண்டுகள் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் என்ற முறையில் என்னை வருத்துகிறது. அது அச்சிட்ட தமிழ்த் தாள்.

இந்திய மண்ணில் முதன்முதலில் தமிழ் அச்சேறியது இங்கல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அந்தப் பெருமைக்கு உரியது. ஆனால், பின்னர் தடைப்பட்டுக் கிடந்த தமிழ் அச்சுத் தொழில் மீண்டும் உயிர்பெற்றது தரங்கம்பாடியில்தான். 1706இல் இங்கு வந்திறங்கி, பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்ற ஜெர்மானியக் கிறித்தவ மதபோதகர் சீகன்பால்குவின் முயற்சியால் 1712இல் லண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் மறு ஆண்டில் வந்து சேர்ந்தன. அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. எழுத்து பெரிதானால் பக்கத்தில் வரிகள் குறையும், தாள் கணக்கின்றிச் செலவாகும் என்பது அச்சகத்தில் ஒரு நாள் நின்றவருக்கும் தெரியும். கப்பலில் வரும் தாளை நம்பியிருந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய இடராக இருந்திருக்கும்! ஆகவே, அருகிலுள்ள பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1715இல் முழுமையாக அச்சாகி முடிந்தது. தாளுக்கும் அங்கேயே ஆலை வைத்தார்கள். அந்த இடம் கடுதாசிப்பட்டறை என்று வழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சீகன்பால்கு வாழ்ந்த இல்லத்தை அருங்காட்சியகமாக்கியிருப்பது மனமாரப் பாராட்டத்தக்கது. ஆயினும், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பது வேறு, மை காயாத தாளைக் கையில் வாங்குவது வேறு. ராஜ வீதியில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளில் ஒன்றைச் சுற்றுலாத் துறை சீரமைத்து, அதில் ஒரு கையச்சுப் பொறியும் நான்கைந்து பெட்டி ஈய எழுத்துகளும் வைத்தால் போதும். வரும் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுத்துக் கோத்து, மை தடவி, அழுத்தி எடுத்துச் செல்லலாம். சடங்கன்பாடி என்ற பழம்பெயரையும், தஞ்சை இரகுநாத நாயக்கரோடு டேனியர்கள் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையையும், கடல் பெரும்பகுதியைக் கொண்டுவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலையும் பற்றிய துண்டறிக்கைகளை அங்கேயே அச்சிட்டு, சிறு விலைக்கு விற்கலாம். உள்ளூர்ப் பெண்களின் கைவினைப் பொருள்களுக்கும் அதே கடையில் இடம் கொடுக்கலாம்.

இதில் தாமதம் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கணினி வந்த பிறகு எங்கள் வட்டாரத்து அச்சகங்களில் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் எழுத்துப் பெட்டிகள் விறகாயின. எழுத்துக் கோக்கத் தெரிந்தவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டோம். பார்வை மங்குவதற்குள் இளையவர் சிலருக்கு இதைக் கற்றுக்கொடுக்க என்னைப் போன்றோர் ஊதியமின்றியே வரத் தயாராக இருக்கிறோம். மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் இக்கோரிக்கையைக் கனிவோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
மயிலாடுதுறை