காது இருக்கட்டும், கழுத்தைக் கவனி

அன்புள்ள செல்வத்துக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் பெரியப்பாவின் கண் நேரே காதுக்குத்தான் போனது. "ஆம்பளப் பிள்ளைக்குத் தோடா?" என்றார். நான் படத்தைப் பெரிதாக்கிக் கழுத்தைப் பார்த்தேன். தாடைக்குக் கீழே, தொண்டையின் இரண்டு பக்கமும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். கன்னம் வேறு வெயிலில் நின்றவனுக்குப் போலச் சிவந்து மினுமினுக்கிறது. தோட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். மற்ற இரண்டும்தான் விஷயம்.

ஆண் காதில் கடுக்கன் நமக்குப் புதுசில்லை. ஒரு காலத்தில் குடுமியும் கடுக்கனும்தான் ஆம்பளைக்கு லட்சணம். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டவனைத்தான் பெரியவர்கள் திட்டினார்கள். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை. அது போகட்டும். காதின் கீழ்ச் சதையில் குத்திய ஓட்டை ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். கொதித்து ஆறிய தண்ணீர் 250 மில்லியில் கால் டீஸ்பூன் உப்பைக் கரைத்து, காலையும் மாலையும் அதில் பஞ்சை நனைத்துத் துடை. தோட்டைத் திருகித் திருகிப் பார்க்காதே. கவரிங் வேண்டாம், அதில் இருக்கும் நிக்கல் பலருக்கு அரிக்கும். மேல்காதிலும் ஒன்று குத்தலாம் என்ற யோசனை இருந்தால், அது குருத்தெலும்பு. ஆற மாதக்கணக்கில் ஆகும், சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெட்டுப்போகலாம்.

இனி கழுத்து. அது பரு இல்லை. நம் வீட்டுத் தாடி சுருட்டை. ஒட்ட வழித்த சுருட்டை முடி வளரும்போது நேராக வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். முள் ஏறிய இடம் வீங்குவது போல அந்த இடம் வீங்கும். நாலு பிளேடு, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசர் இந்த மாதிரி முடிக்குச் சத்துரு. முதல் பிளேடு முடியைச் சற்று மேலே இழுக்கும், பின்னால் வருவது வெட்டும், வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்ப் பதுங்கிவிடும். அன்றைக்குத் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் கொப்புளம்.

ஒரு மாதம் கழுத்தில் பிளேடே படக் கூடாது. ஆபீஸுக்காகக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் டிரிம்மரில் 1 மில்லிமீட்டராவது விட்டு வெட்டு. வளைந்த முடி கண்ணுக்குத் தெரிந்தால், சுத்தமான ஊசியால் அந்த நுனியை மட்டும் நெம்பி வெளியே விடு. பிடுங்காதே. பிடுங்கின இடத்தில் அடுத்த முடியும் உள்ளேயே சிக்கும்.

அந்த மாதத்திலேயே ஒரு வேலை பார்த்து வை. இரண்டு நாள் வளர்ந்த முடியில் விரலால் நாலு பக்கமும் தடவு. வழுக்கிக்கொண்டு போகும் பக்கம் முடியின் போக்கு, சொரசொரக்கும் பக்கம் எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும். கழுத்தில் அப்படி இல்லை. பலருக்குப் பக்கவாட்டில் படுத்திருக்கும், சிலருக்கு மேல்நோக்கிக்கூடத் திரும்பியிருக்கும். எல்லோரும் தாடையைத் தூக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பதால்தான் அங்கே மட்டும் கெடுகிறது.

திரும்ப ஷேவிங் தொடங்கும்போது குளித்த பிறகு செய். குளிக்கவில்லையா, வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் போட்டு வை. தண்ணீர் குடித்த முடி மெத்தென்று வெட்டுப்படும். கிரீமைப் பிரஷ்ஷில் நுரைத்துப் போடு. பழைய ஒற்றை பிளேடு ரேசர் போதும். தோலுக்கு 30 டிகிரி சாய்த்துப் பிடித்து, ரேசரின் கனத்தையே வேலை செய்யவிடு, நீ அழுத்தாதே. இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்கிற பழக்கத்தையும் விடு. போக்கிலேயே சின்னச் சின்ன இழுப்பு, ஒவ்வொன்றுக்கும் அலசு. கழுத்துக்கு ஒரே சுற்று. லேசாகச் சொரசொரப்பு மிஞ்சும், மிஞ்சட்டும். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு படிகாரத்தை ஒரு தடவை தடவி, அரை நிமிஷம் விட்டுக் கழுவு. பிறகு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். எரிகிற லோஷன் வேண்டாம், அது தோலை வறட்டும். ஐந்தாறு ஷேவிங்குக்கு மேல் ஒரு பிளேடை ஓட்டாதே.

வெளியே சலூனில் உட்கார்ந்தால் பிளேடை உன் கண் முன்னால் பிரிக்கச் சொல். கத்தியில் மாட்டுவது பாதியாக உடைத்த பிளேடு. மீதிப் பாதி உறையோடு இருக்கிறதா என்று பார். மஞ்சள் காமாலை 'பி' வகை ரத்தம் வழியாகப் பரவுவது. கேட்பதற்குக் கூச்சப்படாதே, நல்ல தொழில்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கூச்சம் என்றதும் கன்னத்துக்கு வருகிறேன். தாடி எண்ணெய் கேட்க இப்போது எந்தப் பையனும் தயங்குவதில்லை, முகத்துக்கு என்ன போடலாம் என்று கேட்கத்தான் இன்னும் வாய் வருவதில்லை. 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' என்று ஆண்களுக்கென ஒரு சிவப்பழகு கிரீம் 2005-இல் வந்தது. அதற்கு முன்னால் அக்கா தங்கை டப்பாவில் திருட்டுத்தனமாக எடுத்துப் பூசினார்கள். 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்தே சிவப்பை எடுத்துவிட்டது, நம் ஆட்கள் மனசிலிருந்து எடுக்கவில்லை. கேட்க வெட்கப்படுகிறவன் அறைத்தோழன் கையில் இருப்பதைப் பூசுகிறான். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய் என்று அந்த மினுமினுப்பைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்.

கிரீமில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு என்னும் மருந்து, அழகுசாதனம் இல்லை. முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும், அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். போகப் போகத் தோல் மெலியும், கன்னத்தில் ரத்த நாளம் வலை மாதிரித் தெரியும், பரு கிளம்பும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் முன்னைவிடச் சிவந்து எரிவதால் மறுபடி அதையே பூசச் சொல்லும். படர்தாமரை மேல் பூசினால் அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், உள்ளே பரவிக்கொண்டிருக்கும். 2018-இல் அரசாங்கம் இந்த வகைக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. கடையில் கொடுக்கிறார்களே என்பாய். கொடுப்பார்கள்.

ஒரு வாரம்தான் பூசினாய் என்றால் நிறுத்திவிடு. மாதக்கணக்கு என்றால் நீயாக நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பார், படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கலாம். இப்போதைக்குக் காரமில்லாத ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன், இவ்வளவுதான். சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் முகம், கழுத்து இரண்டுக்கும் போதும், கடுகளவு தொட்டுப் பூசிப் பிரயோசனமில்லை.

தாடி அடர்த்தியாக மினாக்ஸிடில் பூசலாமா என்று கேட்டிருந்தாய். அது தலைவழுக்கைக்கு அனுமதி பெற்ற மருந்து, தாடிக்கு இல்லை. தவிர, உங்கள் அறையில் பூனை இருக்கிறது. அது நக்கினால் பூனைக்கு உயிருக்கே ஆபத்து.

அந்த கிரீம் ட்யூபைப் படமெடுத்து இன்றே அனுப்பு. முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை அனுப்பு.

அன்புடன்,
அப்பா