வீட்டுக்கல்விக் குடும்பங்களின் சங்கம், பாளையங்கோட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அக்கா அவர்களுக்கும், சங்கத்து அண்ணன்மார் அக்காமாருக்கும், பின்னால் பாயைச் சுருட்டிக் கப்பல் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள அறிக்கையை வாசிக்கிறேன். போன வருஷ அறிக்கை நீளம் என்று புகார் வந்தது. இதுவும் அப்படித்தான் இருக்கும்; மன்னிக்கவும்.

ஆண்டு தொடங்கும்போது 11 குடும்பங்கள் இருந்தோம். ஜூனில் இரண்டு குடும்பங்கள் விலகின, மூன்று சேர்ந்தன. இப்போது 12 குடும்பம், 27 பிள்ளைகள். அதில் 16 பேர் எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். எட்டுக் குடும்பம் கிறிஸ்தவர்கள், மூன்று இந்துக்கள், மேலப்பாளையத்தில் இருந்து ஒரு இஸ்லாமியக் குடும்பம். மாதக் கூட்டம் பத்து நடந்தது. ஒன்று மழையில் போனது. இன்னொன்று, ஒரே வாரத்தில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டதால் நின்றது.

இந்த வருஷமும் நம்மில் பலரைத் துளைத்த கேள்வி ஒன்றுதான். இவ்வளவு பள்ளிக்கூடம் உள்ள ஊரில் இருந்துகொண்டு ஏன் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறாய்? தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர் இது. காலை எட்டரை மணிக்கு எந்தத் தெருவில் நின்றாலும் சீருடைதான் கண்ணில் படும். என் மாமனார் ஓய்வு பெற்ற ஆசிரியர். 1820-இல் மிஷனரி ரேனியஸ் இங்கே வந்த கதையில் இருந்துதான் அவர் தொடங்குவார். "கோயில் கட்டுன இடத்துலல்லாம் பக்கத்துல பள்ளிக்கூடமும் கட்டுனாவ. எங்க தாத்தாவுக்குக் கண்ணத் திறந்தது மிஷன் பள்ளிக்கூடம். அந்தச் சபையில பெறந்துட்டு நீ பிள்ளையள வீட்டுலயே வச்சிருக்கியேம்மா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வது சரிதான். பள்ளிக்கூடம் கெட்டது என்று நம் சங்கம் ஒரு நாளும் சொன்னதில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். அப்படிச் சொல்லித் துண்டறிக்கை போடலாம் என்று மே மாதம் வந்த யோசனையை நாம் தள்ளிவிட்டோம். நல்ல காரியம் செய்தோம்.

இனி கால அட்டவணை விவகாரம். போன ஏப்ரலில் நாமே கூடிப் பேசி ஒரு மாதிரி அட்டவணை தயாரித்து, எல்லா வீட்டுக்கும் அச்சடித்துக் கொடுத்தோம். காலை எட்டில் இருந்து பன்னிரண்டு வரை எட்டுப் பாடவேளை. முதல் பாடவேளை பக்தி. அவரவர் மதப்படி நிரப்பிக்கொள்ள ஒரு கோடு விட்டிருந்தது. அந்தத் தாளை வடிவமைத்தவள் நான்தான் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் எட்டு மணிக்கு யார் வீட்டில் பாடம் நடக்கும்? சிலிண்டர் வரும், மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்கும், கைக்குழந்தை அப்போதுதான் தூங்கும். ஆகஸ்டுக்குள் அந்தத் தாள் பெரும்பாலான வீடுகளில் பிரிட்ஜ் கதவோடு நின்றுவிட்டது. பெருமாள்புரம் வீட்டில் பருப்பு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்ததை நானே பார்த்தேன்.

தாள் போனதில் வருத்தம் இல்லை. அதன் முதல் வரி செய்த வேலையைத்தான் சொல்ல வேண்டும். என் வீட்டில் நடந்ததால் என் வீட்டையே சொல்கிறேன். மூத்தவளுக்கு ஏழு வயது, அடுத்தவனுக்கு நாலு, கடைக்குட்டிக்கு அப்போது பத்து மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாடவேளை பிந்திக்கொண்டே போகிறது, அடுப்பில் குக்கர் விசில் எண்ணிக்கை தவறிவிட்டது, மூத்தவள் தம்பி மேல் பென்சிலை எறிந்தாள். நான் கோபத்தில், "உட்கார்ந்து 23-ஆம் சங்கீதத்தை ரெண்டு தடவ எழுது" என்றேன். வேதாகமத்தில் ஆறு வசனம் உள்ள ஜெபப் பாட்டு அது. கண்ணீர் விழுந்து மை கலங்கக் கலங்க எழுதி முடித்தாள். பக்திப் பாடமும் ஆயிற்று, கையெழுத்துப் பயிற்சியும் ஆயிற்று என்று அட்டவணையில் இரண்டு டிக் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒரு வசனமும் சபை ஒரு வசனமுமாக வாசிக்க அதே சங்கீதம் வந்தது. பக்கத்தில் இருந்தவள் வேதாகமத்தைப் பட்டென்று மூடினாள். என்னவென்று குனிந்து கேட்டேன். "அம்மா, இது தண்டனச் சங்கீதம்லா" என்றாள், காதோடு.

அதற்குப் பிறகு அன்றைக்குப் பிரசங்கம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.

செப்டம்பர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. ஒரு வீட்டில் ஜெபத்துக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால் ஐஸ்கிரீம். மகாராஜநகர் அக்கா, விளக்கேற்றும்போது சுலோகம் சொல்லாவிட்டால் கார்ட்டூன் கிடையாது என்று வைத்திருந்தாராம். மேலப்பாளையம் தங்கை சொன்னதுதான் எல்லாருக்கும் உறைத்தது: "ஓதிட்டு வந்த பிள்ள பசியோட நிக்கான். அவன நிறுத்தி, இன்னிக்கு என்ன ஓதுன, சொல்லுன்னு நான் மறுபடியும் பரீட்ச வச்சேன். அவனுக்கு ஓதுறதுன்னாலே வயித்தெரிச்சலாப் போச்சு."

பக்தியைப் பாடவேளையில் இருந்து எடுத்துவிடலாம், தண்டனைக்கும் பரிசுக்கும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று அன்று முடிவு செய்தோம். ஒருமனதாக இல்லை. வி.எம். சத்திரம் அண்ணன் எதிர்த்தார். "நேரம் குறிக்காத ஜெபம் நடக்காத ஜெபம்" என்றார். அவர் வீட்டில் காலை ஐந்தரைக்கு எல்லாரும் எழும்புகிறார்கள், இன்றும் எழும்புகிறார்கள், பிள்ளைகள் முகம் சுளிப்பதாகத் தெரியவில்லை. அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எங்கள் வீட்டிலேயே அக்டோபர் மாதத்தில் பாதி நாள் குடும்ப ஜெபம் நடக்கவில்லை. அவர் மறுப்பு குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது.

நான் என் பக்கம் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கிறிஸ்தவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் இடம் வேதாகமத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரம். பிள்ளைகளிடம் கர்த்தரின் கட்டளைகளைப் பேசு என்று சொல்லும் அந்த வசனம் எந்த நேரத்தைச் சொல்கிறது? வீட்டில் உட்கார்ந்திருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழும்புகையில். எட்டு மணி முதல் எட்டு இருபது வரை என்று இல்லை. வருஷக்கணக்காக வாசித்த வசனம்தான். பிரிட்ஜில் தாள் ஒட்டும்போது நினைவுக்கு வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம். மாமனார் ஒரு கீர்த்தனை எடுத்துக் கொடுப்பார், கடைக்குட்டி தட்டில் தாளம் போடும், இரண்டே வசனம் உள்ள 117-ஆம் சங்கீதத்தை நாலு வயசுக்காரன் முழுதாகச் சொல்லிவிட்டு ஏதோ மலையைப் புரட்டியவன் மாதிரி பார்ப்பான். மூத்தவளிடம் 23-ஐ நான் கேட்பதில்லை.

பாடத்தையும் சுருக்கினோம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வற்புறுத்தியதை சமாதானபுரம் அக்கா நவம்பரில் விளக்கிப் பேசினார். அரசுப் பாடநூல்களை இணையத்தில் இருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால் தமிழுக்கும் கணக்குக்கும் அதையே வைத்துக்கொண்டு, மீதியை வீட்டு வேலையோடு சேர்த்தோம். பின்னம் சொல்லிக்கொடுக்க எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. "மொத்தத்துல உளுந்து நாலுல ஒண்ணா, அஞ்சுல ஒண்ணா?" என்று கேட்டேன். நாலில் ஒன்று என்றாள். டம்ளர் டம்ளராகத் தரையில் குவித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சுல ஒண்ணு, நீ ஏமாத்துத" என்றாள். மாமியார் பரணில் இருந்து பழைய உழக்கை எடுத்துக் கொடுத்தார். இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. அன்று மாவு அரைக்கப் பத்து மணி ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

மார்ச் மாதம் தனியாகச் சொல்லத் தக்கது. ரமலான் நோன்பு 2-ஆம் தேதி தொடங்கியது, கிறிஸ்தவர்களின் தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பற்புதன் 5-ஆம் தேதி. லெந்து நாட்களும் நோன்பும் ஒன்றாக வந்ததால் எல்லா வீட்டிலும் பாடத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று பேசி வைத்தோம். பெரியவர்கள் விடியுமுன் எழும்பும் வீட்டில் பிள்ளையும் எழும்பத்தான் செய்யும். மத்தியானம் தூங்கவும்தான் செய்யும். மேலப்பாளையம் வீட்டில் இருந்து வந்த நோன்புக் கஞ்சியை நம் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு காலி செய்தார்கள். "இத வாரா வாரம் பாடமா வைங்களேன்" என்று ஒருவன் கேட்டான்.

பிப்ரவரியில் கூந்தன்குளம் போனோம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருவதைப் பெரிய பிள்ளைகள் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்கள். சின்னவர்களுக்குப் பிடித்தது எச்சம். கூரை, வேலி, மிதிவண்டி இருக்கை எல்லாம் வெள்ளை. அந்த எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அங்கே ஒரு பாட்டி சொன்னார். தீபாவளிக்கு வெடி போடுவீங்களா என்று என் மகன் கேட்டான். "வெடியா? குஞ்சுவ பயந்துராதால?" என்றார். வேனில் திரும்பும்போது இரவு ஜெபத்தில் அவன் அந்தக் குஞ்சுகளுக்காகத் தானாகவே வேண்டிக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விலகிய குடும்பங்களில் ஒன்றைப் பற்றி. அந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்து அம்மாவுக்கு முதுகு வலி தாங்கவில்லை. அதனால் மூத்த பிள்ளை ஒருவனைப் பள்ளியில் சேர்க்கப் போனார்கள். முதலில் கேட்ட பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று இரண்டு நாள் அலையவிட்டார்கள். ஆறு வயது கடந்தும் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்வதை நகலெடுத்துக் கொடுத்தோம். வேறொரு பள்ளி அன்றே சேர்த்துக்கொண்டது. பிள்ளை மகிழ்ச்சியாகப் போய்வருகிறான். இதைத் தோல்வி என்று எழுத ஒருவர் சொன்னார், நான் எழுதவில்லை. அதே சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றி ஒரு வரியும் பேசவில்லை என்பதால், நாமும் காகிதங்களை ஒழுங்காக வைத்திருப்பது நல்லது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைய வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதப் பதினாலு. பெரிய பிள்ளைகள் உள்ளவர்கள் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழையை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

வரவு: முந்தைய இருப்பு ரூ.2,340, சந்தா ரூ.12,000, நன்கொடை ரூ.1,500, ஆக ரூ.15,840. செலவு: வேன் ரூ.4,500, புத்தகமும் பைண்டிங்கும் ரூ.5,200, கூட்டத்துக்குத் தேநீர், வடை ரூ.2,150, நகல் ரூ.1,480, ஆக ரூ.13,330. கையிருப்பு ரூ.2,510. நகல் செலவில் ஒரு பகுதி அந்த அட்டவணைக்குப் போனது.

கூட்டத்தை எந்த ஜெபத்தோடு தொடங்குவது என்பது இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு நடக்கும் வீட்டுக்காரர் தம் வழக்கப்படி தொடங்குகிறார். அதை மாற்றுவதா என்று இன்று பேச வேண்டும். சங்கத்துத் தராசும் ஐம்பது கிராம் எடைக்கல்லும் டிசம்பரில் இருந்து காணவில்லை. வைத்திருக்கும் வீட்டார் இந்த வாரம் கே.டி.சி. நகரில் பொருளாளரிடம் ஒப்படைக்கவும்.

பணிவுடன்,
செயலாளர்