அந்தப் பாட்டுப் புத்தகங்களை எங்களுக்குக் காட்டுங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நேரில் கேட்டால் சிரித்தபடி பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பாட்டுப் புத்தகங்களை வரும் ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுவாருங்கள். இப்படிப் புத்தகங்களைப் பூட்டி வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நம் வாசகர் கூட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் ஒன்று, யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வராத புத்தகம் ஒன்று, இரண்டையும் எடுத்துவந்து பேச வேண்டும். அன்று நான் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ பற்றிப் பேசினேன். அந்தக் காலத்தில் தெருவில் பாடி விற்ற மலிவான குஜிலிப் பாட்டுகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்கியது. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இந்த மாதிரி என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, மூர் மார்க்கெட்டில் வாங்கியது” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டீர்கள். அன்று இரவெல்லாம் அந்த வரிதான் என் மண்டைக்குள் ஓடியது.

நீங்கள் போகிறபோக்கில் சொன்னது எவ்வளவு பெரிய சங்கதி, அண்ணா! பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கு அடுத்த சில பத்தாண்டுகளிலும் பூங்கா நகர்ப் பக்கத்துக் குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற மெலிந்த புத்தகங்கள் அவை. மட்டமான தாள், தேய்ந்த எழுத்து. கொலை நடந்தால் அதைப் பாட்டாகச் சொல்லும் கொலைச் சிந்து, வெள்ளம் வந்தால் அதற்கொரு சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதற்கொரு பாட்டு. கும்மி, தெம்மாங்கு, லாவணி என்று எல்லா மெட்டும் உண்டு. விற்கிறவரே தெருமுனையில் நின்று பாடி விற்பார். எழுத்துத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. புலவர்கள் அவற்றை இலக்கியம் என்றே மதிக்கவில்லை. மதிக்காத ஒன்றை யார் சேர்த்து வைப்பார்கள்? 1867ஆம் ஆண்டு அச்சக, நூல் பதிவுச் சட்டத்தின்படி அரசுக்குக் கொடுத்த பிரதிகளில் பல கடல் தாண்டிப் போய் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பூங்கா நகரில் விற்ற புத்தகத்தைப் பார்க்க ஒருவர் லண்டனுக்குப் போக வேண்டும். அல்லது பழைய வண்ணாரப்பேட்டையில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

நம் வடசென்னையை ஆலையும் துறைமுகமும் மீனும் என்றுதான் எழுதுகிறார்கள். அச்சும் நம்முடையது என்று சொல்ல ஆளில்லை. கிராமத்துத் திண்ணைகளில் உரக்கப் படிக்கப்பட்ட பெரிய எழுத்துக் கதைகளை அச்சிட்ட இரத்தின நாயகர் ஸன்ஸ் நம் கொண்டித்தோப்பில்தான் இருந்தது. அந்த அச்சுக்கூடங்களின் வழிவந்த, ஈய எழுத்துகளைக் கோத்த கம்போசிட்டர் நீங்கள். இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச உங்களைவிடத் தகுதியானவர் எங்கள் மாடியில் யாரும் இல்லை.

ஏன் தெரியுமா? கல்லூரியில் படிக்கும் நம் தங்கை ஒருத்தி, பாட்டி வைத்திருந்த பழைய நாவலைக் கொண்டுவந்தாள் அல்லவா? ‘னை’, ‘லை’ வரும் இடமெல்லாம் தடுமாறினாள். தும்பிக்கை போல வளைந்த அந்தப் பழைய ஐகாரத்தை அவள் பள்ளியில் பார்த்ததே இல்லை. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளை ஏற்றுத் தமிழக அரசு 1978இல் ஆணை பிறப்பித்தது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. எங்களுக்கு அது வரலாற்றுக் குறிப்பு. உங்களுக்கோ கைப்பழக்கம் மாறிய காலம். எந்த ஈய எழுத்து எந்த அறையில் கிடந்தது, எது வேலையற்றுப் போனது என்பதெல்லாம் உங்கள் விரலுக்குத் தெரியும். பாட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எழுத்துக் காட்ட வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும்.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். உங்கள் அம்மா வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதையை நீங்களே தைத்து, கலிக்கோத் துணி ஒட்டிப் பைண்டு செய்தீர்கள். இரண்டு தொகுதிகள் இரவல் போனவை திரும்பவே இல்லை. அந்தக் கதை இப்போது நாட்டுடைமை, எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அது ஆறுதலே அல்ல. கடையில் கிடைப்பது கதை மட்டும். வாரந்தோறும் வந்த ஓவியங்கள், பின்பக்கத்துத் தைல விளம்பரம், ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதிய பால் கணக்கு, இவை எந்தப் பதிப்பில் வரும்? போனது போனதுதான். அந்த ஆத்திரம் நியாயமானது.

ஆனால் இரவல் கொடுப்பதும் காட்டுவதும் ஒன்றல்ல. நான் இரவல் கேட்கவில்லை. புத்தகம் உங்கள் மடியை விட்டு இறங்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. அந்த வாசகருக்கு அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்பதாவது தெரிய வேண்டாமா?

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ்களையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். ஆராய்ச்சியாளர்கள் அவர் வீடு தேடிப் போனார்கள். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது; இன்று அது தரமணியில் நூலகமாக நிற்கிறது. அவரிடம் என்ன இருந்தது என்று நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது என்று உங்கள் மகனுக்கே தெரியாது. பழைய பேப்பர் கடைக்காரரின் தராசு எல்லா வீட்டு வாசலுக்கும் வருகிறது, அண்ணா. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மற்றவர்களும் வெறுங்கையோடு வரப்போவதில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மகன், அப்பா வாங்கிய மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துப் புத்தகங்களை எடுத்துவருகிறான். பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் தமிழாக்கிய ரஷ்யப் புத்தகங்கள், தையல் இன்னும் விடவில்லை.

எடுத்து வரும்போது ஒன்று கவனியுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். நம் கடற்காற்றின் ஈரம் உள்ளே தங்கித் தாளைத் தின்றுவிடும். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம், பசை பழுத்து எழுத்தையே கறையாக்கிவிடும். ராமபாணப் பூச்சி தெரிந்தால் அந்தப் புத்தகத்தை மட்டும் தனியே வையுங்கள். கெட்டியான காகித உறை நான் கொண்டுவருகிறேன். நீங்கள் சம்மதித்தால் மட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, தலைப்பு, அச்சகம், ஆண்டு, விலை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிடலாம். அந்த நோட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஞாயிறு மாலை 4 மணிக்கு உங்களை அழைத்துப்போக நானே வருகிறேன். மழை வந்தால் மாடி வேண்டாம், எல்லோரும் உங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறோம். கொலைச் சிந்து இருந்தால் அதை முதலில் எடுங்கள். மெட்டுத் தெரிந்தால் நீங்களே பாடிக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் தண்டையார்பேட்டைத் தம்பி