சனிக்கிழமைச் சாப்பாட்டு மேசைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஓட்டிசம் உள்ள, ஒருசில சாப்பாட்டை மட்டுமே தொடும் பிள்ளைகளைப் புதிய சாப்பாட்டுக்குப் பழக்குவதற்காக வெள்ளவத்தையில் நடக்கும் சனிக்கிழமைச் சாப்பாட்டு மேசைக்கு உதவிய எல்லோருக்கும் இந்த மடல். யார் என்ன செய்தார்கள் என்று விபரமாகவே எழுதுகிறோம், மற்றப் பெற்றோருக்கும் உதவும்.

முதல் நன்றி பிள்ளைகளைப் பரிசோதித்துத் தந்த வைத்தியருக்கு. மலச்சிக்கலோ பல்வலியோ இருக்கும் பிள்ளையிடம் புது மரக்கறியை நீட்டிப் பயனில்லை. சாப்பிடும்போது அடிக்கடி புரைக்கேறும் பிள்ளைகளையும் நிறை குறையும் பிள்ளைகளையும் நாங்கள் எடுப்பதில்லை. அவர்கள் கிளினிக்கில்தான் பார்க்கப்படவேண்டும்.

கால் வைக்கப் பலகை அடித்துத் தந்த தச்சு அண்ணாவுக்கும் நன்றி. கால் தொங்கினால் பிள்ளைக்கு நிமிர்ந்திருப்பதே பெரும்பாடு, பிறகெங்கே மெல்லுவது?

இடியப்பம் அவித்துத் தரும் அக்கா இல்லையென்றால் பாதி வேலை நடந்திராது. வெள்ளை இடியப்பம் மட்டுமே தொடும் பிள்ளைகளுக்கு, ஒரு சுண்டு வெள்ளை மாவுக்கு ஒரு தேக்கரண்டி சிவப்பரிசி மா என்று தொடங்கினார். அது பழகிய பிறகுதான் அடுத்த கரண்டி. தவிட்டோடு அரைத்த மா கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும். பழைய அளவிலேயே குழைத்தால் இழை முறிந்து நாக்கில் கரகரக்கும். பிள்ளை தள்ளிவிட்டால் நிறத்தைக் குறை சொல்லாமல் முதலில் தண்ணீரைப் பாருங்கள். மா கலப்பதைப் பிள்ளைக்குக் காட்டியே கலப்பார். பருப்புக்குள் கீரையை ஒளித்தால், பிடிபடும் அன்றைக்குப் பருப்பும் போய்விடும்.

காலிமுகத்திடலில் மிளகாய்த்தூள் தூவாமல் மரவள்ளி சிப்ஸ் பொரித்துத் தந்த அண்ணனுக்கும் நன்றி. பைக்கற் உருளைக்கிழங்கு சிப்ஸிலிருந்து மரவள்ளி, பிறகு அதே தடிப்பில் வற்றாளங்கிழங்கு, பிறகு தடித்த துண்டு, கடைசியில் அவித்தது. ஒரு தரத்தில் ஒன்றுதான் மாறலாம். வற்றாளங்கிழங்கில் சீனி கூட என்பதால் கெதியில் கருகும், ஆறினால் தொய்யும். மெல்லிய நெருப்பில் பொரித்து உடனே வையுங்கள்.

அம்மம்மாமாருக்குத்தான் மிகப் பெரிய நன்றி. "ஒரு வாய், அம்மம்மாவுக்காக" என்று சொல்லாமல் இருந்தீர்களே, அது லேசான காரியமில்லை. புதியது தனிச் சின்னத் தட்டில், கடலைப் பருமனில் ஒரு துண்டு. பார்க்கலாம், தொடலாம், மணக்கலாம், நக்கலாம், கடித்துத் துப்பலாம். துப்பக் கிண்ணம் பக்கத்திலேயே இருக்கட்டும். 10, 15 தரம் வைத்தும் தொடாத பிள்ளைகள் உண்டு, அதற்காக நிறுத்தவேண்டாம். சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே பால் தேத்தண்ணியையும் பிஸ்கட்டையும் நிறுத்தியதும் நீங்கள்தான். பசி இல்லாத பிள்ளையிடம் எந்த வித்தையும் பலிக்காது.

உறை மாறினாலே பிஸ்கட்டைத் தொடாத பிள்ளைகள் உண்டு. பிஸ்கட் உறை மாறப்போகிறது என்றால் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லும் கடைக்கார ஐயாவுக்கும் நன்றி. பழைய பைக்கற் கொஞ்சம் எடுத்து வைப்பார். பழையதையும் புதியதையும் பிள்ளைக்கு முன் திறந்து, பழைய உறைக்குள் புதிய பிஸ்கட்டைப் போட்டுக் காட்ட அது போதும். ஐயா, அடுத்த தரமும் நான்கு பைக்கற் ஒதுக்கி வையுங்கோ.

நன்றியுடன்,
பெற்றோரும் உதவியாளர்களும்,
வெள்ளவத்தை, கொழும்பு 6