படமெடுத்து ஆய்வு செய்வோருக்கும் நல்கை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஆய்வகத்தில் பணிபுரியும் அறிவியல் மாணவர்களும், நூலகமே கதியாகக் கிடக்கும் மொழி, வரலாற்று மாணவர்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். படம் எடுப்பதையே ஆய்வு முறையாகக் கொண்ட திரைத்துறை ஆய்வாளர்களின் செலவு இவ்விரு கணக்குகளிலும் அடங்குவதில்லை.

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் வழி ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தகுதி மதிப்பீட்டின்பேரில் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ஆய்வின் சில்லறைச் செலவுகளுக்கெனத் தரப்படும் தொகை கலை, சமூக அறிவியல் பிரிவினருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதன் பிறகு 20,500 ரூபாய். நூல் வாங்கவும் நகலெடுக்கவும் போதுமான தொகை, அவ்வளவே. நெட் தேறாதவர்களுக்கான மாதம் 8,000 ரூபாய் உதவியோ மத்தியப் பல்கலைக்கழகங்களில் பயில்வோருக்கு உரியது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வழங்குவது பாராட்டத்தக்கது. எனினும் அது அவர்களின் சாப்பாட்டுக்கும் விடுதிக்குமே சரியாகிவிடும்.

எங்கள் திருநகருக்கு அருகிலுள்ள விளாச்சேரியின் மண்பொம்மைத் தொழிலை ஓர் ஆய்வாளர் ஆவணப்படுத்த விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மண் பிசைவதில் தொடங்கி, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டி, நவராத்திரிக்குக் கொலு பொம்மைகள் வண்டியேறும் வரை படமெடுக்க வேண்டும். வேலை மும்முரமாக நடக்கும் ஆவணியில்தான் முகூர்த்தங்களும் வரிசைகட்டி நிற்கும். அப்போது மதுரையில் கேமரா வாடகைக்குக் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் கல்யாண வீட்டுக்காரர் கொடுக்கும் வாடகையை ஆய்வு மாணவரால் கொடுக்க இயலாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 45 ஜிகாபைட் இடம் தேவைப்படும். 40 மணி நேரம் எடுத்தால் 1,800 ஜிகாபைட் ஆகிவிடும், அதற்கு ஒரு நகலும் இருந்தாக வேண்டும். ஹார்டு டிஸ்க் வாங்குவதற்குள்ளாகவே அந்த 10,000 ரூபாய் தீர்ந்துவிடும். கைப்பேசியில் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள், ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே திண்ணையில் அமர்ந்து பேசும் ஒரு முதிய கைவினைஞரின் குரலை அதில் ஒருமுறை பதிவு செய்து கேட்டுப் பார்க்கட்டும்.

பிரிட்டனில் கலை, மானுடப் புலங்களுக்கான ஆய்வு மன்றம் படைப்பாக்கத்தையே ஆய்வாகக் கொண்ட முனைவர் பட்டங்களுக்கும் நல்கை தருகிறது. குறைந்த செலவில் எடுக்கப்படும் தரமான திரைப்படங்களுக்கு மானியம் வழங்கும் பழக்கம் நம் மாநிலத்திலும் உண்டு. எனவே, உயர்கல்வித் துறை மாதாந்திர உதவித்தொகையோடு நில்லாமல், படம் எடுத்து ஆய்வு செய்யும் ஒவ்வொருவருக்கும் ஆய்வுக்காலத்தில் ஒருமுறை தயாரிப்பு நல்கை வழங்க முன்வர வேண்டும். நெறியாளரும் துறை வல்லுநர் ஒருவரும் படத்திட்டத்தையும் செலவு மதிப்பீட்டையும் பார்த்துப் பரிந்துரைத்து, தவணைகளாகக் கொடுத்தால் முறைகேட்டுக்கு இடமிருக்காது. படம் முடிந்த பிறகு ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு மட்டும் வேண்டாம். கடன் வாங்கிப் படமெடுக்க வசதியுள்ளவர்களுக்கே அது பயன்படும்.

எல்லாவற்றுக்கும் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகத்திலேயே கல்விசார் பல்லூடக ஆய்வு மையம் இயங்குகிறது. அங்குள்ள படப்பிடிப்பு, படத்தொகுப்பு வசதிகளைக் கல்வி நிகழ்ச்சிப் பணிகளுக்கு இடையூறின்றி, மாலை நேரங்களிலும் விடுமுறை நாள்களிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் ஆய்வாளர்களுக்கு முன்பதிவு முறையில் திறந்துவிட்டால், கேட்கும் நல்கையில் கணிசமான பகுதி மிச்சமாகும். பதிலுக்கு, எடுத்த காட்சிகளின் முழு நகலையும் ஆய்வாளர் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும், படத்தில் இடம்பெற்ற கைவினைஞர் குடும்பத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காட்சித் தொடர்பியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை-6.